மனநோய்க்குப் பல்லைப் பிடுங்கிய டாக்டர்

1/ மனநோய்க்குக் காரணம் பல்லில் ஒளிஞ்சிருக்கிற கிருமிதான்னு ஒரு டாக்டர் அடிச்சுச் சொன்னார். அவர் ஹென்றி காட்டன். 1907இல் அமெரிக்காவின் ட்ரென்டன் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைவரானவர்.

2/ நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணமாகலையா? டான்சில், பெருங்குடல்னு வெட்டிக்கிட்டே போனார். பலர் இறந்தார்கள். தன் மகன்களின் பற்களையும் விட்டுவைக்கலை.

3/ 100க்கு 85 பேர் குணம்னு கணக்குக் காட்டினார். 1920களில் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் நோயாளிகளைத் தேடிப்போய் விசாரித்தார். கணக்கு பொய். ஆனால் அவர் அறிக்கை வெளிவரலை, கத்தியும் நிக்கலை.

4/ வாய்க்கும் மனசுக்கும் தொடர்பு உண்டுதான். மனச்சோர்வு வந்தால் பல் துலக்கக்கூடத் தோணாது. சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும், பல் சொத்தையாகும்.

5/ ஆபீஸ் டென்ஷன்னு தள்ளிப்போடாதீங்க. பல் டாக்டரிடம் மாத்திரை விவரம் சொல்லுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.