கடைசி வரிசைக்குக் கேட்ட குரல்

எங்கள் பங்கின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞன் ஒருவன் இருக்கிறான். திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கு வந்த குடும்பம். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் பிரிவில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். ஒரு தவக்காலத்து ஞாயிறன்று, திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்தபின், தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் கேளுங்க ஃபாதர்" என்றான்.

முதலில் மழை பெய்வது போன்ற கீறல் ஓசை. அதன் பின்னே ஓர் ஆர்மோனியம். பின்பு திடீரெனக் கத்தி வீசியதுபோல் ஒரு பெண் குரல். உண்மையைச் சொல்வதானால், அன்று எனக்கு அது பிடிக்கவில்லை. மிகவும் உயரத்தில் நின்ற குரல். மூக்கொலி கலந்த பழங்காலத்து உச்சரிப்பு. சொற்கள் புரியுமுன்னே பாட்டு முடிந்துவிட்டது. "யாருப்பா இது?" என்று கேட்டேன். "கே.பி. சுந்தராம்பாள், ஃபாதர். சின்ன வயசுல நாடகத்துல பாடினப்போ போட்ட ரெக்கார்டு."

எனக்கு வியப்பாயிற்று. சுந்தராம்பாளை அறியாத தமிழர் எவர்? என் இளமையில் வானொலியிலும், ஊர்த் திருவிழாக்களில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலும் அவர் பாடிக்கொண்டே இருந்தார். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தின் ஔவைப் பாட்டி அவர். ஆனால் அந்தப் பாட்டிக்கும் ஓர் இளமை இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நான் பிறந்தது அதற்கும் பின்னர். நான் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் பாடிய பெண்ணை, எனக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்த ஒருவன் எனக்கு அறிமுகம் செய்துவைத்தான்.

இந்தப் பழைய குரலில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். அவன் சொன்ன விடையில் இசை ஆராய்ச்சி ஏதுமில்லை. இரவு இரண்டு மணிக்குத் தேநீர் இடைவேளையில், இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் கூடத்துக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்பது அவன் வழக்கம். இன்றைய பாட்டெல்லாம் அந்த இரைச்சலில் கரைந்து போகின்றனவாம். "இந்த அம்மா குரல் மட்டும் மெஷினைத் தாண்டிக் கேட்குதுங்க ஃபாதர்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அன்றிரவு மீண்டும் கேட்டேன், மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கீறல் ஓசை காதிலிருந்து தானே விலகிக்கொண்டது. குரல் மட்டும் நின்றது.

அந்தக் குரல் எவ்வாறு அத்துணை உயரத்துக்கும் கூர்மைக்கும் வந்தது? விடை நமக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் ரயில் பாதையில், காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் சுந்தராம்பாள். அந்நாளில் கொடுமுடியும் நம் திருப்பூரும் ஒரே கோவை மாவட்டம். அவர் பெயரின் முன் நிற்கும் 'கே' அந்த ஊர்தான். 'பி' அவர் தாய் பாலாம்பாள். தந்தை இல்லாத வீடு, கொடிய வறுமை. குழந்தை ரயிலில் பாடிக் காசு பெற்றதாகவும், தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த நாடக ஆர்வலர் நடேசய்யர் அதைக் கேட்டு வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டதாகவும் சொல்வார்கள். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் ஆண்பிள்ளை வேடம் அவருடைய தொடக்ககால வேடங்களுள் ஒன்று. பசியை அந்தச் சிறுமிக்கு எவரும் நடிக்கக் கற்றுத்தர வேண்டியிருந்திராது.

ஓடும் ரயிலின் இரைச்சலில் பாடிய பிள்ளை, அடுத்துப் பாடியது ஒலிபெருக்கி இல்லாத மேடையில். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைவதற்குள் தமிழ் நாடக மேடைக்கு 'வள்ளி திருமணம்' முதலான நாடகங்களை எழுதிக் குவித்துவிட்டார். இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பொழுது விடியுமட்டும் நடக்கும் அந்த நாடகங்களில் பேச்சைவிடப் பாட்டே மிகுதி. 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை இருந்தது. வெவ்வேறு ஊர்களின் பெயர்பெற்ற நடிகர்களை ஓரிரவுக்கு மட்டும் வரவழைத்து மேடையில் எதிரெதிரே நிறுத்துவார்கள். ஒத்திகை கிடையாது. ஒருவர் பாடினால் மற்றவர் அதற்கு மேலே பாட வேண்டும். கொட்டகையின் கடைசியில், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் காலணா, அரையணாச் சீட்டுக்காரருக்குச் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர் சும்மா இருக்கமாட்டார். ஆணாயினும் பெண்ணாயினும் மேல் கட்டையில் பாடியே தீரவேண்டிய காரணம் இது. நான் மூக்கொலி என்று முகஞ்சுளித்தது, அந்தக் கடைசி வரிசை மனிதருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

அக்குரலுக்கு அடியில் இருந்த ஆர்மோனியத்தைப் பற்றியும் ஒரு சொல். 1840களில் பிரான்சில் உருப்பெற்று, கிறிஸ்தவக் கோயில்களின் வழியாகவும் வங்காளத்துக் கைவினைஞர்களின் வழியாகவும் நம் மண்ணுக்கு வந்த கருவி அது. நம் கோயில் பாடல் மாடத்திலும் நாடகக் கொட்டகையிலும் ஒரே காலத்தில் ஒலித்தது. கமகம் பேசாத அந்நியக் கருவி என்று அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கிவைத்தது. அந்தத் தடை தளர 1970கள் ஆயிற்று. வானொலி விலக்கிய காலத்திலும் நாடகக்காரரும் உபதேசியாரும் அதைக் கைவிடவில்லை.

1920களின் நடுவில் சுந்தராம்பாள் இலங்கையில் நடித்துக்கொண்டிருந்தபோது செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா கொழும்புக்கு வந்தார். 1906இல் பிறந்தவர், அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, மேடையைத் தீப்பற்றச் செய்தவர். இருவரும் 'வள்ளி திருமண'த்தில் இணைந்தனர். 1927இல் வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. குலமும் வேறு. அந்த வாழ்வு அமைதியாக இல்லை, பிரிவும் வந்தது. 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா இருபத்தேழாம் வயதில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து. அன்று வெள்ளைப் புடவை உடுத்தியவர் 1980இல் இறக்கும்வரை அதை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். வார்த்தைப்பாடு கொடுத்த குரு என்னும் முறையில், இந்த உறுதியை வியந்து பாராட்டுவது எனக்கு மிக எளிது. நம் மேடைகளில் பலர் அவ்வாறே பாராட்டியும் உள்ளனர். ஆயினும் என் வார்த்தைப்பாட்டை நான் ஏழெட்டு ஆண்டுகள் படித்து, வழிகாட்டப்பட்டு, விரும்பிக் கொடுத்தேன். அவருடைய வெள்ளைப் புடவையில் அன்பு எவ்வளவு, கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்த கட்டாயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. ஜோடி வேடம் இல்லை என்றான பிறகு அவருக்கு எஞ்சிய வேடங்களைப் பாருங்கள்: 1935இல் நந்தனார், 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினியின் ஔவையார், 1964இல் 'பூம்புகார்' படத்தின் கவுந்தியடிகள். ஆண் அடியார், பெண் துறவி, கிழவி, மீண்டும் துறவி. நாம் வணங்கத்தக்க பாட்டியாக அவரை அறிந்தது இப்படித்தான். வள்ளியாக நின்று எதிரே இருப்பவரைச் சிரித்துக்கொண்டே மடக்கிய பெண், பழைய இசைத்தட்டுகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறார்.

'நந்தனார்' படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1935இல் அது நம்பமுடியாத தொகை. இன்றளவும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு வேறொன்று பெரிதாகத் தோன்றுகிறது. கோயிலுக்குள் நுழைய உரிமையில்லாத ஓர் உழவுத் தொழிலாளியின் ஏக்கத்தை ஒரு கைம்பெண், ஆண் வேடத்தில், பாடினார். பண்ணையாராக அவருடன் நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். மதுரைக் கோயிலின் கதவு எல்லாருக்கும் திறக்க அதன்பின் நான்காண்டுகள், 1939 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. (நாம் பெருமை பேச இடமில்லை. வடக்கன்குளத்தில் நம் கோயிலுக்குள்ளேயே சாதிச்சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது.) சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடியதும், பின்னர் சட்ட மேலவையில் அமர்ந்ததும், 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருதும் 1970இல் பத்மஸ்ரீயும் பெற்றதும் பலர் அறிந்தவை.

இனி என் கதை. என் தந்தையிடம் கைப்பிடி சுற்றும் கிராமபோன் ஒன்றும், மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் இருந்தன. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அந்தக் கருவியின் சுருள்வில் அறுந்திருந்தது. பாட்டு ஒருநாளும் கேட்டதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வீடு வெள்ளையடிக்கும்போது அப்பா அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பார். 1990களின் தொடக்கத்தில் அவர் இறந்தபோது நான் குருமட மாணவன். வீட்டை ஒழித்தபோது பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்தவன் நானே. அவர் எடைக்குக்கூட எடுக்க மறுத்தார். "இது அரக்குங்க, சும்மா குடுத்தா எடுத்துக்கறேன்" என்றார். சும்மா கொடுத்தேன். மேலே இருந்த தட்டின் வட்டத்தாளில் சுந்தராம்பாளின் பெயரைப் படித்தது நினைவிருக்கிறது. நாடகப் பாட்டுத்தானே என்று எண்ணினேன்.

அதே ஆண்டுகளில் வகுப்பறையில் நான் படித்துக்கொண்டிருந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு. 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான ஏடு. மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குத் தங்களுக்கே உரிய இசை மரபு உண்டு, அதற்குத் தக்க மதிப்பும் இடமும் தரவேண்டும் என்று அதன் 119ஆம் எண் கூறுகிறது. தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். மக்களின் இசை என்றவுடன் கருநாடக இசையும் நாட்டுப்புறப் பாடலும் எங்கள் நினைவுக்கு வந்தன. கொட்டகையில் காலணாக் கொடுத்து விடியவிடியக் கேட்ட இசை அந்தக் கணக்கில் சேரவில்லை. தூய அகுஸ்தீனார் தம் அறிக்கைகளின் பத்தாம் நூலில், பாடலின் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை ஈர்த்துவிடுகிறதே என்று வருந்துகிறார். அந்தப் பகுதியை நான் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். பாடல் கேட்டுத் தாம் கண்ணீர் விட்டதையும் அதே இடத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்வதை மறந்துபோனேன்.

எங்கள் பங்கின் பெண்கள் மே மாதத்தில் மாதா கெபியில் ஒரு வேண்டுதல் பாட்டு பாடுவார்கள். அது 1948இல் சிட்டாடல் நிறுவனம் எடுத்த 'ஞானசௌந்தரி' திரைப்படத்தில் ஜிக்கி பாடியது, இசை எஸ்.வி. வெங்கட்ராமன். அதே கதையை ஜெமினியும் அதே ஆண்டில் படமாக்கியது. நின்றது சிட்டாடல் படமே. அதற்கு முன்பே அந்தக் கதை நாடகக் கொட்டகைகளில் ஓடியது. இதை நான் சொன்னபோது இளம்பெண்கள் வியந்தனர். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டிமட்டும், "எந்தப் படமா இருந்தா என்னங்க சாமி, மாதாவுக்குத்தானே பாடுறோம்?" என்றார். குருமடத்தில் எங்களுக்கு இந்தப் பாட்டியை விரிவுரையாளராக வைத்திருக்கலாம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் ஈரோட்டில் வண்டி மாறிக் கொடுமுடிக்குச் சென்று வந்தேன். நிலையத்தில் இறங்கிக் காவிரிக் கரைவரை நடந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. திரும்பும் வண்டியில் பொதுப்பெட்டி. ஒரு சிறுமி கடலை விற்றுக்கொண்டு போனாள். சக்கரச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் பெட்டியின் அந்தக் கோடிவரை கேட்டது. ஒரு பொட்டலம் வாங்கினேன். பள்ளிக்குப் போகிறாயா என்று கேட்டதற்கு விடை சொல்லாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

ஒரு தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். விடியுமட்டும் பாடியவர்களை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடக்கினார்கள். எனவே இன்று நாம் கேட்பது அவர்கள் பாடியதன் முழு உருவம் ஆகாது. அவசரமும் அதில் கலந்திருக்கிறது. சில பதிவுகள் தவறான வேகத்தில் ஓடிக் குரலையே மாற்றிவிடுகின்றன. அந்த இளைஞன் இப்போது அதையெல்லாம் கண்டுபிடித்துத் திருத்திக் கேட்கிறான். எனக்கும் அனுப்புகிறான்.

கடந்த பெரிய வெள்ளியன்று வழக்கப்படி கீபோர்டை மூடிவைத்தோம். மாலையில் சிலுவையை முத்தி செய்ய மக்கள் வரிசையாக வந்தபோது, வியாகுல மாதாவின் புலம்பலை ஒலிவாங்கி இல்லாமல் பாடுமாறு அவனிடம் கூறியிருந்தேன். மிக உயரத்தில் எடுத்துவிட்டான். மூன்றாம் அடியில் குரல் உடைந்தது. ஒரு கணம் நின்று, கீழே இறக்கிக்கொண்டு மீண்டும் தொடங்கினான். வழிபாடு முடிந்தபின், கடைசி பெஞ்சில் அமரும் அந்தப் பாட்டி அவனைக் கூப்பிட்டு, "எல்லாம் கேட்டுச்சு கண்ணு" என்றார். அடுத்த ஆண்டு அரைக் கட்டை குறைத்து எடுப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறான்.