கலஹாவில் ஒரு துண்டு நிலம்: உறுதியும் நொத்தாரிசும்

கண்டியிலிருந்து தெற்கே மலையேறும் பாதையில் அமைந்த சிறு பட்டினம் கலஹா. அதற்கு அப்பால் தெல்தோட்டை. அதனையும் கடந்தால் லூல்கந்துர. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. இம்மலைகளில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த மக்களின் சந்ததியினர், கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைத்துச் சேர்த்த பணத்தில் சில பேர்ச் காணியும் ஒரு வீடும் வாங்க முற்படும்போது, தங்கள் குடும்ப வரலாற்றில் முதன்முறையாக ஒரு நொத்தாரிசின் முன் அமர்கின்றனர். யாரை நாடுவது, எதற்குப் பணம் கொடுக்கிறோம், எதனைக் கேட்க வேண்டும் என்ற வினாக்கள் அப்போது எழுகின்றன. விடைகளை அறிய 1840ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும்.

கரையோர மாகாணங்களில் ஒல்லாந்தர் காணிகளைத் தோம்புகளில் பதிந்தனர். கண்டி இராச்சியத்திலோ மன்னர் வழங்கிய சன்னஸ்களும், லேகம் மிட்டி எனப்பட்ட ஏடுகளும், ஊரார் நினைவுமே காணி உரிமைக்குச் சான்றாக நின்றன. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபோது, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலங்கள் முடிக்குரியவை என்று அனுமானித்தது. கண்டிய மாகாணங்களில் சேனை நிலங்களுக்கு உரிமை கோரியவர்கள் சன்னஸ் போன்ற எழுத்துச் சான்றையோ, வழமையான வரி செலுத்தியமையையோ காட்ட வேண்டியிருந்தது. எழுத்தில்லாதவர் நிலமிழந்தார், அந்நிலம் துரைமாருக்கு விற்கப்பட்டது.

அதே 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டமே இன்றும் காணிக் கொள்வனவின் அத்திவாரமாகும். எழுத்திலும், அனுமதி பெற்ற நொத்தாரிசின் முன்னிலையிலும், இரு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கவும் ஒப்பமிடப்படாத காணி விற்பனை செல்லாது என்று அது விதித்தது. ஆகவே, "கைக்கடதாசியில் எழுதிப் பணம் கொடுத்துவிட்டேன், போதாதா?" என்ற கேள்விக்கு 180 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே விடைதான்: போதாது.

இங்கிலாந்தில் வீடு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் வெவ்வேறு சொலிசிட்டர்கள் இருப்பது வழக்கம். இலங்கையில் பெரும்பாலும் ஒரே நொத்தாரிசு உறுதியை முடிக்கிறார். கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் வழமையாக ஏற்பவர் வாங்குபவரே. எனவே நொத்தாரிசைத் தெரிவு செய்ய வேண்டியவரும் அவரே. விற்பவரோ தரகரோ அழைத்துச் செல்லும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுவது அறிவீனம். முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும், எஞ்சிய பெறுமதிக்கு 4 வீதமும் ஆகும். பத்து இலட்சம் ரூபாக் காணிக்கு 39,000 ரூபா. இது நொத்தாரிசின் கூலியன்று; அரசுக்குச் செல்வது. இரண்டையும் பிரித்து எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை.

நொத்தாரிசின் உண்மையான வேலை உறுதியை எழுதுவதற்கு முன்னரே தொடங்குகிறது. காணிப் பதிவகத்தின் ஏடுகளைப் புரட்டி, வழமையாக முப்பது ஆண்டுகள் பின்சென்று, யார் யாருக்கு விற்றார், ஈடு வைக்கப்பட்டுள்ளதா, வழக்கு உள்ளதா என்று அவர் பார்த்தாக வேண்டும். கண்டிக் கிராமங்களில் பிரிக்கப்படாத பங்குகள் அதிகம். பத்துப் பேருக்குரிய காணியில் ஒருவரின் பங்கை வாங்கியவர், பின்னர் பாகப்பிரிவினை வழக்கில் ஆண்டுக்கணக்கில் நிற்க நேரிடலாம். ஒப்பமிட்ட பின் பதிவும் இன்றியமையாதது. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, அதே காணியைப் பின்னர் விலை கொடுத்து வாங்கியவர் முந்திப் பதிந்துகொண்டால், பதியப்படாத முந்திய உறுதி அவருக்கு எதிராக நில்லாது.

இங்கு ஒரு நுட்பத்தை உணர வேண்டும். பதிவகம் பதிவது உறுதியையே. உரிமைக்கு அது உத்தரவாதம் அளிப்பதில்லை. 1858இல் தென் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய டொரன்ஸ் முறையில் அரசே உரிமையைச் சான்றுபடுத்துகிறது. இலங்கை அவ்வழிக்கு 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் மூலமே வந்தது. 'பிம் சவிய' என்ற பெயரில் அது படிப்படியாகவே நடைமுறைக்கு வருகிறது. ஆகவே நல்ல நொத்தாரிசுக்கு மாற்றில்லை.

கலஹா போன்ற இடத்தில் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும்: இக்காணி எவ்வகையானது? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அளித்த காணியை அனுமதியின்றிக் கைமாற்ற இயலாது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது; 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. தோட்டக் காணியின் ஒரு துண்டை யாரோ 'விற்கிறார்' என்றால், விற்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

அந்தச் சீர்திருத்தம் தோட்டத் தொழிலாளருக்கு நிலம் தரவில்லை; பலரை இருந்த இடத்திலிருந்தும் பெயர்த்தது. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த போராட்டத்தின்போது டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அப்பிரச்சினை முழுமையாகத் தீரவில்லை. குடியுரிமை இல்லாதவருக்கு ஏது காணி அளிப்பு? பின்வந்த வீடமைப்புத் திட்டங்கள் பேசியது குடும்பத்துக்கு 7 பேர்ச். சுமார் 1,900 சதுர அடி. அதற்கும் சட்டப்படி பதியப்பட்ட உறுதி உண்டா என்பதே கேள்வியாக இருந்தது.

வெளிநாட்டில் வாழ்வோர்க்கு ஒரு சொல். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், இலங்கைக் குடியுரிமை இல்லாதோருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உடையோருக்கு விலக்குண்டு. உறவினருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து வாங்குவோர், அதன் எல்லையை எழுத்தில் வரையறுத்துப் பதிவு செய்துகொள்வது நலம்.

1840இல் எழுத்தில்லாதவர் நிலத்தை இழந்த இதே மலைகளில், இன்று எழுத்தைச் சரிபார்க்காதவர் பணத்தை இழக்கிறார். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண்செலவென்று எண்ணும் குடும்பங்கள் இதை நினைவில் கொள்ளட்டும். லயத்து அறையில் தலைமுறைகள் வாழ்ந்தும் தம் பெயரில் ஒரு தாள் இல்லாதிருந்த மக்களுக்கு அந்தத் தாளின் பெறுமதியை வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அது செல்லுபடியாகும் தாளா என்பதைக் கேட்டறியும் துணிவே இப்போது வேண்டப்படுவது.