காணாத ஊரில் ஒரு நியாயஸ்தலம்

குற்றம் எந்த ஸ்தலத்தில் நிகழ்ந்ததோ அந்த ஸ்தலத்து நியாயாதிபதியே அதனை விசாரிக்க வேண்டும் என்பது தொன்றுதொட்டு வந்த தர்மம்; 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 177-வது பிரிவும் அதையே பொதுவிதியாக வகுத்தது. ஆனால் 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் புகுத்தப்பட்ட 121-ஏ பிரிவு, சக்கரவர்த்தியின் ஆதிபத்தியத்தைப் பறிக்கச் சதி செய்தலைக் குற்றமாக்கியதோடு, அச்சதியை நிறைவேற்ற ஒரு செய்கையும் நிகழவேண்டிய அவசியமில்லை என்றும் விளக்கம் கூறிற்று. செய்கையே வேண்டாத குற்றத்துக்கு ஊர் ஏது? கடிதம் போன வழியிலும், கூட்டம் கூடிய இடத்திலும் சர்க்கார் தனக்கு உகந்த ஊரைத் தேர்ந்துகொள்ள இவ்வாறு வழி பிறந்தது.

இதன் முதற் காற்று சென்னையிலும் வீசிற்று. 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய ம. சிங்காரவேலு செட்டியார், அறுபது வயதைக் கடந்த நிலையில், 1924 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். வழக்கு நடந்ததோ, ரயில் வழியில் 1,000 மைலுக்கு மேற்பட்ட கான்பூரில். கல்கத்தாவின் முஸாபர் அகமதும், பம்பாயின் டாங்கேயும் அங்கே கூண்டிலேறித் தலைக்கு நான்கு வருஷத் தண்டனை பெற்றனர். நோயுற்றிருந்த சிங்காரவேலர் கான்பூருக்குக் கொண்டுபோகப்படாமல் ஜாமீனில் விடப்பட்டார்; அவர்மீதிருந்த வழக்கும் பின்னர் கைவிடப்பட்டது. 1925 டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய கம்யூனிஸ்டு மகாநாட்டுக்குத் தலைமை வகிக்க அவர் தாமே சென்றார்.

கான்பூரில் கற்ற வித்தையை மீரத்தில் சர்க்கார் பெரிதாகப் பிரயோகித்தது. 1929 மார்ச் 20-ஆம் தேதி பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களில் தொழிற்சங்கத் தலைவர்கள் ஒரேவேளையில் பிடிக்கப்பட்டனர். பிற்பாடு சேர்க்கப்பட்டவரோடு எதிரிகள் 32 பேர். அவர்களில் ஸ்பிராட், பிராட்லி, ஹட்சின்ஸன் ஆகிய மூவர் ஆங்கிலேயர். பெரும்பாலோர்க்கு மீரத்தோடு யாதொரு தொடர்பும் இல்லை. 1928 அக்டோபரில் அவ்வூரில் நடந்த தொழிலாளர் விவசாயிகள் மகாநாடு ஒன்றே சர்க்கார் பற்றிய கொழுகொம்பு. மெய்யான காரணம் வேறு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வழக்கு நடந்தால் ஜூரிகள் முன் வைக்க வேண்டும். மீரத்திலோ, நீதிபதியைக் கட்டுப்படுத்தாத அபிப்பிராயம் கூறும் அஸெஸர்களே போதும். ஜூரிகளை நம்பி வழக்கை ஒப்படைக்கத் துணியவில்லை என்பதை அதிகாரிகளின் அந்தரங்கக் கடிதங்களே பின்னாளில் வெளிப்படுத்தின.

சட்டத்துக்குத் தூரம் ஒரு பொருட்டன்று; சிறையிலிருப்பவனுக்கோ தூரமே முதல் தண்டனை. பம்பாயில் சம்பளமின்றி ஆஜராகக்கூடிய வக்கீல் சுமார் 900 மைலுக்கு அப்பால் மாதக்கணக்கில் தங்க முடியாது. ஆலைத் தொழிலாளியைத் தன் பக்கத்துச் சாட்சியாக அழைப்பதென்றால் அவன் ரயில் சத்தத்துக்கும் இழந்த கூலிக்கும் எதிரியே பொறுப்பு. மனைவி மக்கள் வந்து முகம் பார்ப்பதும் அரிது. மோதிலால் நேரு முதலியோர் பாதுகாப்புக் கமிட்டி அமைத்துப் பணம் திரட்டியும், நெடுங்காலம் நீடித்த வழக்கின் செலவுக்கு அது ஈடாகவில்லை. சர்க்காரோ முந்நூறுக்கு மேற்பட்ட சாட்சிகளையும், மூட்டை மூட்டையாகக் கடிதங்களையும் புத்தகங்களையும் அங்கே கொண்டுபோய்க் குவித்தது. ஆகவே எதிரிகள், குற்றத்தை மறுப்பதோடு நில்லாமல், தங்கள் கொள்கையையே வாக்குமூலங்களாக விரித்துரைத்து, கூண்டைப் பிரசங்கமேடையாக்கினர். பத்திரிகைகள் வாயிலாக அது தேசமெங்கும் பரவிற்று.

1933 ஜனவரியில் 27 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. முஸாபர் அகமதுக்கு ஆயுட்காலத் தீவாந்தரம். தெங்டி என்ற முதியவர் தீர்ப்பைக் காணாமலே இறந்தார். அவ்வருஷம் ஆகஸ்டில் அலகாபாத் ஹைகோர்ட்டு சிலரை விடுதலை செய்து, மற்றோரின் தண்டனைகளைப் பெரிதும் குறைத்தது. விசாரணைக் கைதிகளாக ஏறக்குறைய நான்கு வருஷம் சிறையிலிருந்தபின் கிடைத்த நிவாரணம் அது! ஸ்பிராட் பின்னாளில் சிங்காரவேலரின் குடும்பத்திலேயே பெண் கொண்டு, தென்னாட்டிலேயே வாழ்ந்து, 1971-இல் சென்னையில் காலமானார்.

ஒரு வழக்கு நியாயமானதா என்று ஆராய்வோர் சட்டப்பிரிவையும் சாட்சியையும் பார்ப்பதோடு அமையலாகாது. அது எந்த ஊரில் நடந்தது, அவ்வூரை யார், எதற்காகத் தெரிந்தெடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். மீரத்து வழக்கில் எதிரிகளுக்கு இழைக்கப்பட்ட முதல் அநீதி தீர்ப்பன்று, ஊர்.