கலிபோர்னியா மேலவைச் சட்டமூலம் 1327

கலிபோர்னியா மேலவைச் சட்டமூலம் 1327 என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளைத் தயாரிப்போர், விற்போர் முதலியோர் மீது பொதுமக்களில் எவரும் உரிமையியல் வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டம் ஆகும். மேலவை உறுப்பினர் ராபர்ட் ஹெர்ட்ஸ்பெர்க் இதனைக் கொண்டுவந்தார். 2022 ஜூலை 22 அன்று ஆளுநர் காவின் நியூசம் இதில் கையொப்பமிட்டார். 2023 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. கருக்கலைப்பைத் தடுக்க டெக்சாஸ் மாநிலம் 2021 இல் இயற்றிய சட்டத்தின் அமைப்பைப் பின்பற்றி இது எழுதப்பட்டது.

பின்னணி

ஒரு மாநிலச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று கருதுவோர், அதனைச் செயற்படுத்தும் அரசு அலுவலருக்கு எதிராகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தடையாணை கோருவது ஐக்கிய அமெரிக்காவின் வழக்கமான முறையாகும். 1908 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று இதற்கு அடிப்படையாக உள்ளது.

டெக்சாஸ் மேலவைச் சட்டமூலம் 8 இவ்வழியை அடைக்கும் வகையில் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடை செய்த அச்சட்டத்தை அரசு அலுவலர் எவரும் செயற்படுத்த இயலாது. மாறாக, கருக்கலைப்புச் செய்பவர் மீதும் அதற்கு உதவுபவர் மீதும் எவரும் வழக்குத் தொடுத்து, குறைந்தது 10,000 டாலர் பெறலாம். செயற்படுத்தும் அலுவலர் இல்லாததால், தடையாணை வழக்கில் எதிர்வாதியாகச் சேர்க்க எவரும் இல்லாமற் போயினர். கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமையாக ஏற்கப்பட்டிருந்த காலத்திலேயே, 2021 செப்டம்பர் 1 அன்று இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இதே உத்தி பிற உரிமைகளுக்கு எதிராகவும் திரும்பக்கூடும் என்று துப்பாக்கி உரிமை அமைப்பான ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கோலிஷன் உச்ச நீதிமன்றத்தில் எச்சரித்தது. 2021 நவம்பர் 1 அன்று நடந்த வாதத்தின்போது நீதிபதி பிரெட் காவனா இவ்வினாவை எழுப்பினார். 2021 டிசம்பர் 10 அன்று வெளியான தீர்ப்பு, மருத்துவ உரிமம் வழங்கும் அலுவலர் சிலருக்கு எதிரான வழக்கை மட்டும் அனுமதித்தது. 2022 மார்ச்சில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த அலுவலருக்கும் இதில் அதிகாரம் இல்லை என்று கூறியதால் அவ்வழியும் அடைபட்டது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு மறுநாளே, இதே முறையில் துப்பாக்கிச் சட்டம் இயற்றப்போவதாக நியூசம் அறிவித்தார்.

சட்டத்தின் கூறுகள்

* தாக்குதல் வகைத் துப்பாக்கிகள், .50 பிஎம்ஜி துப்பாக்கிகள், 'பேய்த் துப்பாக்கிகள்' எனப்படும் வரிசை எண் இல்லாத துப்பாக்கிகள் ஆகியவற்றைச் சட்டவிரோதமாகத் தயாரித்தல், விநியோகித்தல், இறக்குமதி செய்தல், விற்றல் ஆகியன இதன்கீழ் வரும்.
* 21 வயது நிறையாதவர்களுக்குச் சட்டத்தை மீறித் துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற வணிகர் மீதும் வழக்குத் தொடரலாம்.
* வெல்லும் வாதிக்குக் குறைந்தது 10,000 டாலரும் வழக்குச் செலவும் கிடைக்கும்.
* வாதி தாம் பாதிக்கப்பட்டதாகக் காட்ட வேண்டியதில்லை. அரசு அலுவலர் இதன்கீழ் வழக்குத் தொடர இயலாது.
* டெக்சாஸ் சட்டத்தின் தொடர்புடைய பகுதியை ஐக்கிய அமெரிக்க அல்லது டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் முழுமையாகச் செல்லாததாக்கினால், இச்சட்டமும் செயலிழக்கும்.

கலிபோர்னியாவில் தாக்குதல் வகைத் துப்பாக்கிகள் மீது 1989 முதலே தடை உண்டு. எனவே இச்சட்டம் புதிய தடை எதையும் விதிக்கவில்லை. இருக்கும் தடைகளைச் செயற்படுத்தும் வேறொரு வழியைச் சேர்த்தது. இவ்வகையில் இது டெக்சாஸ் சட்டத்திலிருந்து வேறுபடுகிறது.

எதிர்ப்பும் வழக்கும்

துப்பாக்கி உரிமை அமைப்புகளுடன், குடியுரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்கக் குடிசார் விடுதலைகள் ஒன்றியத்தின் கலிபோர்னியாப் பிரிவும் இதனை எதிர்த்தது. டெக்சாஸ் முறையைத் தவறு என்று கூறிக்கொண்டே அதனைப் பின்பற்றுவது, நீதிமன்ற ஆய்வைத் தவிர்க்கும் அம்முறைக்கு ஏற்பளிப்பதாகும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். டெக்சாஸ் சட்டம் நிலைக்கும்வரை அதே கருவியைக் கொண்டு உயிர்களைக் காக்கலாம் என்பது ஆதரவாளர்களின் நிலைப்பாடு.

மாநிலத் துப்பாக்கிச் சட்டங்களை எதிர்த்து வழக்காடுவோர், தம் கோரிக்கைகளில் ஒன்றில் தோற்றாலும் அரசின் வழக்குரைஞர் செலவை ஏற்க நேரிடும் என்று இச்சட்டத்தின் மற்றொரு பிரிவு கூறியது. இதுவும் டெக்சாஸ் சட்டத்தில் உள்ள பிரிவை ஒத்ததே. மாநிலத் தலைமை வழக்குரைஞர் ராப் போன்டா அதனை ஆதரித்து வாதிட மறுத்ததால், நியூசம் தாமே வழக்கில் இணைந்தார். 2022 டிசம்பர் 19 அன்று கூட்டாட்சி நீதிபதி ரோஜர் பெனிடெஸ் அப்பிரிவுக்கு நிரந்தரத் தடை விதித்தார். இத்தீர்ப்பு டெக்சாஸ் பிரிவுக்கும் பொருந்தும் என்று கூறி நியூசம் அதனை வரவேற்றார். பொதுமக்கள் வழக்குத் தொடர வழிசெய்யும் பகுதியை இத்தீர்ப்பு தொடவில்லை.