டேஷ்போர்டில் இல்லாத மீட்டர்கள்: ஒரு குட்டி டிராக்டர் சொல்லும் வரலாறு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு கதையோட ஹீரோ ஒரு குட்டி டிராக்டர். நம்ம ஊர் வயல்ல சேத்துல இறங்குற டிராக்டர் இல்லை. அமெரிக்காவில் வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் புல்வெளி வச்சிருக்கிறவங்க புல் வெட்டவும், குளிர்காலத்துல பனி தள்ளவும் வாங்கின வண்டி. கார்டன் டிராக்டர்னு சொல்வாங்க. 1960-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கப் கேடட்னு ஒண்ணைக் கொண்டுவந்தது. அதுல இருந்தது 7 குதிரைசக்தி கோலர் இன்ஜின், ஒரே ஒரு சிலிண்டர். 1963-ல் ஜான் டீர் தன்னோட 110 மாடலோட களத்துக்கு வந்தது. அதுவும் கோலர் இன்ஜின்தான்.

இந்தப் பழைய வண்டிகளை இன்னைக்கும் ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்கள்ல பலருக்கு ஒரு ஆசை: கம்பெனி வைக்காத மீட்டர்களைத் தாங்களே வாங்கி மாட்டணும். ஆயில் பிரஷர், வெப்பம், வோல்ட், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு என்கிற கணக்கு. புல் வெட்டுற வண்டிக்கு எதுக்கு இவ்வளவுன்னு கேக்கலாம். இந்த ஆசைக்குப் பின்னாடி நூத்தி எழுபது வருஷத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கு. இன்ஜினுக்குள்ள என்ன நடக்குதுங்கிறதை யார் தெரிஞ்சுக்கலாம் என்பதுதான் அந்தக் கதை.

வளைஞ்ச குழாய்

நீராவிக் காலத்துல கொதிகலன் வெடிச்சா ஆள் சாவாங்க. அதனால உள்ளே அழுத்தம் எவ்வளவுன்னு தெரிஞ்சே ஆகணும். அதுக்கு இருந்த நம்பகமான வழி பாதரசக் குழாய். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 760 மில்லிமீட்டர் பாதரசம். அப்போ அஞ்சு வளிமண்டலம்னா குழாய் கிட்டத்தட்ட நாலு மீட்டர் உயரம் வேணும். கண்ணாடிக் குழாய் வேற. ஓடுற ரயில் இன்ஜின்ல இதை எப்படி வச்சுக்கிறது?

பாரிஸ்ல யூஜீன் பூர்டோன்னு ஒரு பொறியாளர். அவர் 1849-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். விஷயம் ரொம்ப எளிமை. தட்டையாக்கின உலோகக் குழாயை வளைச்சு, ஒரு முனையை அடைச்சிடணும். இன்னொரு முனை வழியா அழுத்தம் உள்ளே போனா, குழாய் உருண்டையாகப் பார்க்கும். அப்போ வளைவு கொஞ்சம் விரியும். திருவிழாவுல குழந்தைங்க ஊதுற, சுருண்டிருந்து நீளுமே அந்தக் காகிதப் பீப்பி, கிட்டத்தட்ட அதே விஷயம். அந்தச் சின்ன அசைவைப் பல்சக்கரம் பெருசாக்கி ஊசியை நகர்த்தும். நாலு மீட்டர் கண்ணாடி, உள்ளங்கைல அடங்குற ஒரு வட்டமாயிடுச்சு. 1852-ல் எட்வர்ட் ஆஷ்கிராஃப்ட் இதோட அமெரிக்க உரிமையை வாங்கினார். இன்னைக்கு டிராக்டர்ல மாட்டுற மெக்கானிக்கல் ஆயில் மீட்டருக்குள்ள இருக்கிறதும் இதே பூர்டோன் குழாய்தான்.

பெட்ரோல் மீட்டரும் ஆயில் மீட்டரும் இல்லாத 1.5 கோடி கார்

அடுத்து ஃபோர்டு மாடல் டி. 1908-லிருந்து 1927 வரை சுமார் 1.5 கோடி கார். பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பார்க்கணுமா? முன் சீட்டைத் தூக்கி, கீழே இருக்கிற டேங்க்ல ஒரு குச்சியை விட்டுப் பார்க்கணும். ஆயில் இருக்கான்னு பார்க்க, வண்டிக்கு அடியில் ரெண்டு குட்டிக் குழாய்த் திருகு. மேல் திருகைத் திறந்தா ஆயில் வந்தா நல்லது. கீழ்த் திருகுலயும் வரலைன்னா ஓட்டாதீங்க.

ஃபோர்டு வைக்காததை வெளியே இருந்தவங்க வித்தாங்க. ஆஃப்டர்மார்க்கெட் என்கிற சந்தை பெருசா வளர்ந்ததுக்கு மாடல் டி ஒரு முக்கியக் காரணம். அதுல பிரபலமானது பாய்ஸ் மோட்டோமீட்டர். ரேடியேட்டர் மூடியிலேயே ஒரு தெர்மாமீட்டர். ஓட்டுறவர் கண்ணாடி வழியா முன்னாடி பார்த்துக்கிட்டே, சிவப்புக் கோடு ஏறுதான்னு தெரிஞ்சுக்கலாம். வெப்ப மீட்டர் டேஷ்போர்டுக்குள்ள வந்த பிறகு, 1920களின் கடைசியில் இது மெல்ல மறைஞ்சது.

அப்புறம் ஒரு திருப்பம். 1930கள்ல ஹட்சன் கார்கள்ல ஊசிக்குப் பதிலா சிவப்பு விளக்கு வந்தது. 1950களுக்குப் பிறகு இது பரவலாச்சு. செலவு குறைவு, யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். அமெரிக்கர்கள் இதுக்கு வச்ச பட்டப்பெயர் ‘இடியட் லைட்’. முட்டாளுக்கான விளக்கு! ஆனா விளக்கு முட்டாள் இல்லை, அது கம்மியாப் பேசும், அவ்வளவுதான். ஆயில் அழுத்தம் 40-லிருந்து 15-க்கு இறங்கினாலும் விளக்கு எரியாது. ரொம்பக் கீழே போன பிறகுதான் எரியும். ஊசி நேத்தைக்கும் இன்னைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும். விளக்கு, காரியம் கெட்ட பிறகு சொல்லும்.

மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

சரி, டிராக்டருக்கு வருவோம். இங்கேதான் சுவாரசியம். பழைய கப் கேடட்ல இருக்கிற கோலர் கே வரிசை ஒற்றை சிலிண்டர் இன்ஜின்ல ஆயில் பம்ப்பே கிடையாது! கனெக்டிங் ராடோட அடியில் ஒரு சின்னக் கரண்டி மாதிரி துண்டு. அது ஒவ்வொரு சுத்துக்கும் ஆயிலை அள்ளித் தெளிக்கும். மாடல் டியும் தெளிச்சே ஓடின இன்ஜின்தான். பம்ப் இல்லைன்னா அளக்குறதுக்கு அழுத்தமும் இல்லை. எவ்வளவு விலை குடுத்து ஆயில் மீட்டர் வாங்கினாலும், அதை இணைக்க இடமே கிடையாது. அந்த இன்ஜினுக்கு உண்மையான ஆயில் மீட்டர், டிப்ஸ்டிக்தான்.

பின்னாடி ஜான் டீர் 318 மாதிரி வண்டிகள்ல வந்த ஓனான் ரெட்டை சிலிண்டர் இன்ஜின்ல பம்ப் உண்டு. அங்கே விளக்குக்கான ஸ்விட்சைக் கழட்டி, ஒரு டி வடிவ இணைப்பு போட்டா, விளக்கும் இருக்கும், ஊசியும் இருக்கும். ஆனா மெக்கானிக்கல் மீட்டர்னா சூடான ஆயில் மெல்லிய குழாய்ல முழங்கால் பக்கம் வரைக்கும் வரும். அந்தக் குழாய் பிளாஸ்டிக்கா இருந்து, எங்கேயாவது உரசி விரிசல் விட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. அதனாலதான் செம்புக் குழாய், இல்லைன்னா மின்சார சென்சார்.

வெப்ப மீட்டரும் இப்படித்தான். இந்த இன்ஜின்கள் காத்துல குளிர்றவை. தண்ணியே இல்லாத இடத்துல தண்ணி வெப்பத்தை எப்படி அளக்குறது? விமானக்காரங்க வழி ஒண்ணு இருக்கு. ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் ஒரு வளையம், அதுல தெர்மோகப்பிள். ரெண்டு வேற வேற உலோகம் சேர்ற இடத்தைச் சூடாக்கினா மின்சாரம் பிறக்கும். 1821-ல் சீபெக் கண்டது. புல் வெட்டும்போது புல்லும் தூசியும் இன்ஜின் மேல் மூடிக்குள்ள போய் சிலிண்டரோட தகடுகளை அடைச்சிடும். அதை இந்த மீட்டர் முன்கூட்டியே காட்டிக்குடுக்கும்.

மின்சாரத்துக்கு அந்தக் காலத்துல ஆம்மீட்டர். பழைய புல்லட் ஹெட்லைட் மேலே ஒரு குட்டி ஊசி ஆடுமே, அதேதான். பேட்டரிக்குப் போற, வர்ற மின்சாரம் அது வழியாத்தான் ஓடணும். அதனால தடிமனான உயிர் ஒயர் டேஷ்போர்டு வரை வரும். வோல்ட்மீட்டருக்கு ரெண்டு மெல்லிய ஒயர் போதும். நின்னா 12.6 கிட்ட, ஓடும்போது 13.5-லிருந்து 14.5. அதுக்குக் கீழேயே நின்னா சார்ஜிங்ல கோளாறு.

எனக்கு இந்த வரலாறு பிடிக்கிறதுக்குக் காரணம் இதுதான். கம்பெனி எதைக் காட்டுது, எதை மறைக்குதுங்கிறது அதோட முடிவு. அதை ஏத்துக்காம சொந்தமா மீட்டர் மாட்டுறவர், ‘என் வண்டியைப் பத்தி எனக்குத் தெரியணும்’னு கேக்குறார். நியாயமான கேள்வி. ஆனா மீட்டரை வாங்குறதுக்கு முன்னாடி, இந்த இன்ஜின் எப்படி உயிர் வாழுதுன்னு படிக்க வேண்டியிருக்கு. பம்ப் இருக்கா, தண்ணி இருக்கா, மின்சாரம் எந்த வழியா போகுது? அதைப் படிக்கிறவருக்கு, மீட்டர் வந்து சேர்றதுக்கு முன்னாடியே பாதி விவரம் தெரிஞ்சிருக்கும்.

இன்னைக்கு நம்ம கையில் இருக்கிற பல கருவிகள்ல ஊசியும் இல்லை, டிப்ஸ்டிக்கும் இல்லை. ‘சர்வீஸ் சென்டருக்கு வாங்க’னு ஒரு வரிதான் வருது. அந்த வரிக்குப் பின்னாடி உள்ள எண் யார்கிட்ட இருக்குன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.