வாட்டர் தெருவில் திறந்த கதவு



நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய வாட்டர் தெரு, 19ஆம் நூற்றாண்டில் மதுக்கடைகளுக்கும் குற்றங்களுக்கும் பேர்போன இடம். அங்கே 1872 அக்டோபரில் ஜெரி மெக்காலே, தம் மனைவி மரியாவோடு சேர்ந்து ஒரு மீட்புப்பணி இல்லத்தைத் திறந்தார். அமெரிக்காவில் இத்தகைய இல்லங்களுக்கு இதுவே முன்னோடி என்பர்.

மெக்காலே 1839இல் அயர்லாந்தில் பிறந்து, கத்தோலிக்கராக வளர்ந்தவர். சிறுவயதில் நியூயார்க் வந்து திருடராக வாழ்ந்தார். 19ஆம் வயதில் வழிப்பறிக் குற்றத்திற்காக 15 ஆண்டுத் தண்டனை பெற்று சிங் சிங் சிறைக்குச் சென்றார். சிறை ஆலயத்தில் முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஒருவர் அளித்த சாட்சியம் அவரை விவிலியத்தின் பக்கம் திருப்பியது. 1864இல் மன்னிப்புப் பெற்று விடுதலையான பின்பும் குடியிலும் திருட்டிலும் மீண்டும் விழுந்தார். பிறர் கைதூக்கிவிட, எழுந்தார்.

அதனால்தான் அவரது இல்லத்தின் நோக்கம் பசியாற்றுவதோடு முடியவில்லை. மாலைதோறும் செபக்கூட்டம் நடந்தது. குடியிலிருந்து மீண்டவர்கள் எழுந்து, மீளத் துடிப்பவர்களுக்குச் சான்று பகர்ந்தனர். 1884இல் மெக்காலே இறந்த பின்னும் பணி தொடர்ந்தது.

இது பிரிந்த சகோதரர்களின் பணியே. ஆயினும் நமக்கும் பாடம் உண்டு. பேதுரு மறுதலிப்பார் என்று அறிந்தே, மனந்திரும்பியபின் உன் சகோதரரை உறுதிப்படுத்து என்றார் ஆண்டவர். குடியை விட்டவர் மறுபடி தவறும்போது, "இவன் திருந்தமாட்டான்" என்கிறோம். மூன்றாம் முறை வருபவருக்கும் நம் பங்கின் கதவு திறந்திருக்குமா?