எதன்மேல் எது நிற்கும்?

கல்வராயன் மலையை அடுத்த கள்ளக்குறிச்சியில் நான் பல ஆண்டுகளாக ஓவியம் கற்பித்து வருகிறேன். எங்கள் ஊர் மரச் சிற்பத்துக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தின் ரேகையை அறியாமல் உளி வைக்கும் சிற்பி இங்கு இல்லை. அத்தகையோரிடையே வாழ்ந்தும், பொருளின் இயல்பை அறிய வேண்டும் என்னும் பாடத்தை நான் ஒரு தோல்வியினாலேயே கற்றேன்.

ஒரு கோடையில் மலையடிவாரத்துச் செம்மண்ணைக் கொணர்ந்து சலித்து, நீரில் குழைத்து, அட்டையில் பூசி, அம்மலையையே வரைந்தேன். பாறைகளுக்குக் கரித்துண்டும் மரங்களுக்கு எண்ணெய் வண்ணமும் கொண்டேன். இவ்வாறு பல பொருள்களை ஒரே படத்தில் சேர்ப்பதை இக்காலத்தார் கலப்பு ஊடக ஓவியம் என்பர். கண்டவர் பாராட்டினர். ஆனால் ஓராண்டு கழியுமுன் மண் பொடியாக உதிர்ந்தது. மேலிருந்த எண்ணெய் வண்ணமும் ஏடேடாகப் பெயர்ந்தது. மண்ணைப் பிணைக்க நான் பிசின் சேர்க்கவில்லை.

அப்படியாயின், நம் முன்னோர் தீட்டியவை நின்றது எங்ஙனம்? இவ்வினா என்னை வரலாற்றுக்கு அழைத்துச் சென்றது. 2019 வரை எங்கள் ஊரும் அடங்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்தில், கீழ்வாலைப் பாறைகளில் தொல்பழங்கால மக்கள் தீட்டிய செந்நிற உருவங்கள் இன்றும் உள்ளன. அம்மாவட்டத்துப் பனமலையில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயிலில், குடையின்கீழ் ஒரு கால் மடித்து நிற்கும் தேவியின் ஓவியம் 1,200 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஓரளவு எஞ்சி நிற்கிறது.

சுவரோவியம் நிலைக்கும் மருமத்தைத் தஞ்சையில் காணலாம். 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடங்களில் சோழர் ஓவியம் அடியில் ஒளிர்வதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதன் பொருள்களைச் சென்னை அருங்காட்சியக வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் சோதித்து, அது ஈரச் சுண்ணச் சாந்தின்மேல் தீட்டப்பட்டது என்று விளக்கினார். ஈரச் சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாய் இறுகும். இறுகும்போது வண்ணத்தையும் தன்னுடன் பிணைத்துக்கொள்ளும். அங்கே சுவரே பசையாயிற்று!

மராட்டியர் ஆட்சியில் செழித்த தஞ்சாவூர் ஓவியத்தை நோக்குங்கள். பலகைமேல் துணி, துணிமேல் சுண்ணப்பொடியும் பசையும், அதில் பதித்த கண்ணாடிக் கற்கள், தங்கத் தகடு, வண்ணம் என ஒவ்வொன்றும் முறை தவறாது அமைகிறது. முறை மாறினால் படம் நில்லாது.

ஐரோப்பாவில் பிக்காசோ 1912-இல் ஒரு படத்தில் மெழுகுத்துணியை ஒட்டி, அதனைச் சுற்றிக் கயிற்றையும் அமைத்தார். அப்படியாயின் நாம் முந்திக்கொண்டோம் என்று பெருமை கொள்ளலாமா? அது பொருந்தாது. நம் கலைஞர் தெய்வ வடிவைப் பொலிவுறுத்தப் பொருள்களைச் சேர்த்தனர். பிக்காசோவோ, ஓவியம் என்பது யாது என்று வினவுவதற்காகச் சேர்த்தார். நோக்கம் வேறு, பொருளின் இயல்பு இருவர்க்கும் ஒன்றே. சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் தம் ஓவியங்களில் எழுத்துகளையும் குறிகளையும் புகுத்தி, அவ்வினாவை நம் மண்ணிலும் எழுப்பினார்.

மாணவ நண்பர்களே, நீங்களும் துணிந்து சோதியுங்கள். மெழுகு வண்ணக் கோட்டின்மேல் நீர்வண்ணம் பூசினால் நீர் விலகி ஓடும், அவ்விலக்கத்தையே அழகாக்கலாம். உலர்ந்த அக்ரிலிக் வண்ணத்தின்மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெயின்மேல் அக்ரிலிக் பூசினால் நாளடைவில் உரியும். எதையும் முதலில் சிறு தாளில் பூசி, நாள் குறித்து, ஒரு மழைக்காலம் கழியவிட்டுப் பாருங்கள்.

அதே செம்மண்ணில் வேலம் பிசின் சேர்த்து நான் மீண்டும் வரைந்த மலை, இன்று என் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. உதிர்ந்த பழைய அட்டையையும் அதனருகிலேயே மாட்டியிருக்கிறேன். மாணவர் முதலில் நின்று பார்ப்பது அதனைத்தான்.